திருகோணமலைக்குக் குடிவருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பை விட்டுத் திருகோணமலைக்கு வருகிறவர்கள் பலவிதம். அரச வேலையில் இடமாற்றம் கிடைத்தவர்கள், இங்கே கலியாணம் செய்தவர்கள், சீனன்குடாப் பக்கம் கம்பனி வேலை எடுத்தவர்கள், பென்சனுக்குப் பிறகு கடலைப் பார்த்தபடி இருக்கலாம் என்று நினைத்தவர்கள். ஆனால் எல்லோரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நானும் வெள்ளவத்தையிலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று பட்டது. இரண்டு நாள் கடல் பார்க்க வருகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. வீட்டுச் சாமானை லொறியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்காக எழுதியது.

கொழும்புக்கு அடிக்கடி போய் வரலாமா?

போகலாம். வீதியால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். 49 ஆம் இலக்க பஸ் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும். ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும். இரவு ரயிலும் உண்டு. கோட்டையில் ஏறினால் மாகோ, கல்லோயா சந்தி எல்லாம் நித்திரையில் கழிந்து விடியும்போது இங்கே இறங்கலாம். வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ரயில்தான் வசதி. படுக்கை வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். நீண்ட விடுமுறை வந்தால் சீட்டுகள் சட்டென்று முடிந்துவிடும்.

சொந்த வாகனத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைகள் வீதிக்கு வரும். பொழுது பட்ட பிறகு அந்தத் துண்டில் ஓடாதீர்கள். நேரம் பிந்திவிட்டால் ஹபரணையிலோ தம்புள்ளையிலோ தங்கி விடிய வெளிக்கிடுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். முதல் சில மாதம் ஒவ்வொரு வெள்ளியும் கொழும்புக்கு ஓடுகிற பழக்கத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் சனி, ஞாயிறில்தான் ஆட்கள் ஆறுதலாக இருப்பார்கள், வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், கோயிலில் நின்று கதைப்பார்கள். அந்த இரண்டு நாளும் நீங்கள் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்காரருக்கே உங்கள் முகம் பிடிபடாது. இடமாற்றக் காலம் முழுவதும் அப்படி ஓடியோடியே கழித்துவிட்டு, “அந்த ஊர் ஒத்துவரவில்லை” என்று சொல்லிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

எது நல்ல பகுதி என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. வேலை, பள்ளிக்கூடம், யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பெரியகடை, மத்திய வீதி, ஏகாம்பரம் வீதிப் பக்கம் எடுத்தால் சந்தையும் பஸ் நிலையமும் பள்ளிக்கூடங்களும் நடை தூரம். வீடுகள் நெருக்கம், வளவு சின்னது. உவர்மலை மேடான இடம். அரச விடுதிகளும் பல அலுவலகங்களும் அந்தப் பக்கம், அமைதியான வீதிகள். அன்புவழிபுரம், லிங்கநகர், பாலையூற்றுப் பக்கம் போனால் வாடகை கொஞ்சம் குறையும், முற்றம் கிடைக்கும், மோட்டார் சைக்கிள் ஒன்று கட்டாயம் வேண்டும். உப்புவெளி கடற்கரையோடு ஒட்டிய இடம். ஆனால் ஹோட்டல்கள் நிறைந்த வீதிகளில் மே முதல் ஓகஸ்ட் வரை சத்தமும் வாடகையும் இரண்டும் கூடும். சில வீட்டுக்காரர்கள் அந்த மாதங்களில் சுற்றுலாக்காரருக்குக் கொடுக்க விரும்பி உங்களை எழுப்பப் பார்ப்பார்கள், அதனால் ஒப்பந்தத்தை வருடக் கணக்கில் எழுத்தில் எடுங்கள். நிலாவெளி இன்னும் தள்ளி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருப்பதால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது வசதி.

வீட்டை இணையத்தில் தேடி முடிவு செய்யாதீர்கள். நல்ல வீடுகளில் பாதி விளம்பரத்துக்கே வராது. உறவுக்காரர் வீட்டிலோ விடுதியிலோ சில நாள் தங்கி, பிடித்த வீதியில் இறங்கி நடந்து, மூலைக் கடையில் கேளுங்கள். யாருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் கனடாவில் இருக்கிறார், திறப்பு யாரிடம் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. பெரும்பாலும் நீங்கள் வீடு பார்க்கிற நேரம் கோடையாக இருக்கும். அப்போது எல்லா வீடும் நல்ல வீடுதான். வெளிச்சுவரில் தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் நேர்கோடாக நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அது போன மாரியில் தண்ணீர் நின்ற அடையாளம். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள். அப்புறம் வாசலுக்கு முன்னால் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, அதில் மண் நிரம்பிக் கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் “மாரியில் இங்க எப்படி?” என்று ஒரு வார்த்தை கேட்டால் உண்மை வந்துவிடும்.

கடலுக்குக் கிட்ட எடுத்தால் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். யன்னல் கம்பி, கேற், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், மோட்டார் சைக்கிள் சங்கிலி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஏசியின் வெளிப்பெட்டி கடலைப் பார்த்தபடி இருந்தால் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

தண்ணீர் எப்படி?

குழாய்த் தண்ணீர் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வருகிறது. நல்ல தண்ணீர்தான், ஆனால் வரட்சிக் காலத்தில் அழுத்தம் குறையும் வீதிகள் உண்டு. மேல்தாங்கி இருக்கிற வீடாக எடுங்கள். கிணறு இருந்தால் இன்னும் நல்லது, குளிக்க, உடுப்புத் துவைக்க, மரங்களுக்கு ஊற்ற உதவும். கடற்கரையை அண்டிய கிணறுகளில் சில உவர். வாளியில் ஒரு பிடி அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள்.

வெக்கை தாங்குமா?

கொழும்பின் வெயிலைத் தாங்கியவர்கள் இதையும் தாங்கலாம், ஆனால் இது வேறு வகை. கொழும்பில் வேர்த்துக் கொட்டும். இங்கே மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் வேர்வை தெரியாது, உடம்பு காய்ந்துபோகும். தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போய், சூடாகவும் உலர்ந்தும் இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கும். கதவு அடிபடும், கொடியில் போட்ட உடுப்பு அரை மணியில் காய்ந்து பக்கத்து வளவுக்குப் போய்விடும், உதடு வெடிக்கும், மேசையில் புழுதி படியும். மேற்குப் பக்க யன்னலை மதியத்துக்கு முதல் சாத்திவிட்டுப் பின்னேரம் திறந்தால் வீடு தாங்கும். வெளி வேலைகளை எட்டு, ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். இளநீர், மோர், தேசிக்காய்த் தண்ணீர். குழந்தைகளுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அந்தக் கச்சான் காலம்தான் எங்கள் கடலுக்கு நல்ல காலமும். தரையிலிருந்து வீசுகிற காற்று என்பதால் கரையோரம் அலை அடங்கி இருக்கும்.

ஒக்டோபர் கடைசியில் எல்லாம் திரும்பும். வாடைக்காற்று தொடங்கி, மழை ஜனவரி வரை இருக்கும். வருடத்து மழையில் பெரும்பங்கு அந்தச் சில மாதங்களில்தான். கொழும்பில் வருடத்தில் இரண்டு தடவை மழைக்காலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது: ஒன்பது மாதம் மரம் செடி வாடும், மிச்ச மாதங்களில் முற்றம் குளமாகும். நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று செய்தி வந்தால் அதைக் கவனமாகக் கேளுங்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. ரோச் லைட், மெழுகுதிரி, தண்ணீர்ப் போத்தல், ஒரு கிழமைக்கு அரிசி பருப்பு, மருந்து, இவ்வளவும் ஒக்டோபரிலேயே வீட்டில் இருக்கட்டும்.

நுளம்பையும் மறக்க வேண்டாம். 2017 இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு எவ்வளவு மோசமாகப் பரவியது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மாரி தொடங்கும் முன் பீலி, பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பாருங்கள்.

மீன் எங்கே வாங்குவது? உண்மையிலேயே மலிவா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் வாழ்கிற சந்தோஷத்தில் பாதி இதில்தான்.

நகரத்து மீன் சந்தை உண்டு, வீதி வீதியாகப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் கொண்டு வருகிறவர்கள் உண்டு. திருக்கடலூர்ப் பக்கம் படகு வருகிற நேரம் தெரிந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் புதிதாக வந்தவர்கள் ஒரு தடவையாவது கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போக வேண்டும். உப்புவெளியிலிருந்து வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடற்கரை நெடுகிலும் கோடையில் இழுப்பார்கள். படகில் போய் வலையை வளைத்து விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுக்கிறார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். இரண்டு வரிசையும் மெல்ல மெல்லக் கிட்ட வரும். கடைசியில் மடி கரை ஏறும்போது மணலில் வெள்ளியாகத் துடிக்கும் கீரியும் சூடையும். அதிர்ஷ்டம் இருந்தால் பாரைக் குட்டிகள், கணவாய். முதலில் மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாக ஏலத்தில் எடுப்பார்கள். அதற்குள் கையை நீட்டாதீர்கள். அவர்கள் எடுத்து முடிந்ததும் “வீட்டுக்குக் கொஞ்சம் வேணும் அண்ணை” என்று கேட்டால் பையில் அள்ளிப் போட்டுத் தருவார்கள்.

மலிவு என்பது காலத்தைப் பொறுத்தது. கோடையில் சின்ன மீன் மலிவு, அறுக்குளாவும் பெரிய பாரையும் எப்போதும் விலைதான், ஏனென்றால் நல்லது கொழும்புக்குப் போய்விடும். நவம்பர் முதல் கடல் கொந்தளிக்கும்போது பல படகுகள் இறங்காது, விலை ஏறும், சில நாள் மீனே இருக்காது. அந்த நாட்களில் இந்த ஊர்ச் சனம் கருவாட்டுக்கும் குளத்து மீனுக்கும் போகும். நீங்களும் அப்படிப் பழகிக்கொள்ளுங்கள். ஐஸில் நாட்கணக்காகக் கிடந்ததைப் பெரிய விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள். மீனின் பூவை (செவுளை)த் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விலை பேசி, வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிப் பழகியபிறகு, எங்கள் வீதிக்கு வருகிற மீன்கார நானா இப்போது கேற்றில் நின்றே “இண்டைக்கு எடுக்காதீங்க தங்கச்சி, நாளைக்கு நல்லது வரும்” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல் கிடைக்கும்வரை கொஞ்சக் காலம் எடுக்கும்.

கிண்ணியாவிலிருந்து வருகிற மட்டியையும் விடாதீர்கள். பல தண்ணீரில் கழுவி மண் போக்கி, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினால் சோறு கேட்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் மண்சட்டியில் வரும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரைத் தேடி எடுங்கள்.

மற்றச் சாமான்கள்?

எல்லாம் கிடைக்கும். சுப்பர் மார்க்கெட் இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது. கடைகள் கொழும்பை விட நேரத்தோடு பூட்டும், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். குறிப்பிட்ட ஒரு புத்தகம், ஒரு உதிரிப் பாகம், நல்ல கண்ணாடிச் சட்டம் என்று தேடினால் கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

ஆட்டோவில் ஏறும் முன் விலையைப் பேசிவிட்டு ஏறுங்கள். வீட்டுக்குக் கிட்ட நிற்கிற ஒருவரின் நம்பரை வாங்கி வைத்தால் நடு இரவில் வைத்தியசாலைக்குப் போகவும் அவரே வருவார்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம்?

படிப்பில் இந்த ஊர் பின்தங்கியது இல்லை. இ.கி.ச. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, உவர்மலை விவேகானந்தா கல்லூரி, சாஹிரா கல்லூரி எல்லாம் பெயர் பெற்றவை, பழைய மாணவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

சிக்கல் அனுமதியில்தான். முதலாம் தரத்துக்கு வதிவிடம் பார்ப்பார்கள், தேருநர் இடாப்பில் பெயர் எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். நேற்று வந்தவர்களுக்கு அது கஷ்டம். அரச இடமாற்றத்தில் வருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, இடமாற்றக் கடிதத்தின் மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். இடை வகுப்புகளில் சேர்க்க விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கைகள் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் நேரில் போங்கள். வந்த கையோடு கிராம உத்தியோகத்தரைப் பார்த்துப் பதிந்துகொள்வதும் இதற்காகத்தான். நகருக்குள் இருந்தால் உங்கள் பிரதேச செயலகம் ‘பட்டினமும் சூழலும்’. பல கடிதங்களுக்கு அங்கேதான் போக வேண்டிவரும்.

பிள்ளைகள் எங்களை விடச் சீக்கிரம் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் பத்து, பதினொன்று வயதுக்கு மேல் என்றால் முதல் தவணை அழுகை இருக்கும். அதை அதட்டி அடக்காமல், பின்னேரத்தில் ஒரு விளையாட்டுக்கோ சங்கீத வகுப்புக்கோ சேர்த்துவிடுங்கள். ரியூசனில் பிடிக்காத சிநேகிதம் அங்கே பிடிக்கும்.

வைத்தியசாலை?

மாவட்டப் பொது வைத்தியசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது, விசேட வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள், தனியார் இடங்களில் மாலையில் பார்க்கலாம். சில சிக்கலான சிகிச்சைகளுக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். இதய நோய், புற்றுநோய் என்று தொடர் சிகிச்சையில் இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், குடிவருவதற்கு முன்பே உங்கள் வைத்தியரிடம் இதைப் பேசி, கோப்பின் பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இணைய வேலை செய்யலாமா?

செய்யலாம். பைபர் இணைப்பு அந்த வீதிக்கு வந்திருக்கிறதா என்று வீடு எடுக்க முன் கேளுங்கள். மாரியில் மின்சாரம் போய் வரும் நாட்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு இருக்கட்டும்.

இங்குள்ள சனம் எப்படி? மூன்று சமூகமும் இருக்கிற ஊர் அல்லவா?

ஓம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பகுதியினரும் சேர்ந்த மாவட்டம். சந்தையில் மூன்று மொழியும் கேட்கும். தமிழ் மட்டும் தெரிந்தாலும் அன்றாடம் ஓடிவிடும், சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் இன்னும் இலகு.

நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீங்கள் கொடுத்துவிட வேண்டும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதீர்கள். இதெல்லாம் எழுதப்படாத ஒழுங்கு. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை கிண்ணியாச் சனம் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில்) ஏறித்தான் நகரத்துக்கு வந்தார்கள். இப்போது நிமிடத்தில் வந்து போகிறார்கள். சந்தையில், வைத்தியசாலையில், அலுவலகத்தில் உங்களுக்குப் பழக்கமாகிறவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்தவர்களாக இருப்பார்கள்.

ஆனால் இந்த ஊருக்குக் காயமும் இருக்கிறது, அது தெரியாமல் இருக்கக் கூடாது. நீண்ட யுத்தத்தில் இழப்பில்லாத குடும்பம் குறைவு. 2004 டிசம்பர் 26 கடல் கரையோரத்தை வாரிக்கொண்டு போனது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களை நினைத்து ஒவ்வொரு ஜனவரியும் விளக்கேற்றுகிறார்கள். நீங்கள் பின்னேரம் பிள்ளைகளோடு கச்சான் கொட்டை வாங்கித் தின்கிற அதே கடற்கரை அது. பழகிய புதிதில் “உங்கள் வீட்டில் யாரும்...?” என்று தொடங்காதீர்கள். நிலம், கோயில், விகாரை, எல்லை என்று இன்றும் சூடு ஆறாத விடயங்கள் உண்டு. அவற்றில் கொழும்பில் வாசித்த செய்தியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆட்கள் தாங்களாகச் சொல்லும் நாள் வரும், அன்று இருந்து கேளுங்கள்.

நடைமுறையில் ஒரு சிறு விடயம்: துறைமுகம், கடற்படைத் தளம், விமானப்படைத் தளம் என்று நகரத்தைச் சுற்றி நிறைய இடம் படையினரிடம். கோட்டைக்குள்ளும் முகாம் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறோம். தெரியாத கேற்றுக்கு முன்னால் கமராவைத் தூக்காதீர்கள்.

பொழுது போகுமா?

தியேட்டர், மோல், கோப்பிக் கடை என்று கேட்டால் கொழும்போடு ஒப்பிடவே வேண்டாம். எட்டு மணிக்குப் பிறகு பல வீதிகள் அடங்கிவிடும். முதல் சில கிழமை அந்த அமைதி காதில் அடிக்கும்.

ஆனால் பின்னேரம் உங்கள் கையில் இருக்கும். வேலை முடிந்து வீடு வந்து சேர வெளிச்சம் மிச்சமிருப்பதைக் கொழும்பில் நாங்கள் அனுபவித்ததே இல்லை. நடந்து கடற்கரைக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகலாம், கோணேசர் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் காற்று வாங்கலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சனம் சேர முன் விடியப் போங்கள். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு. மார்ச் முதல் கடலில் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போகும், நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவு இருக்கிறது. ஊரில் இருக்கிறவர்கள் அங்கே போவது பெரும்பாலும் கொழும்பிலிருந்து விருந்தாளி வரும்போதுதான்!

திருவிழாக்களுக்கு ஊரில் நில்லுங்கள். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்துச் சனம் காத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல் நவராத்திரி. மற்ற ஊர்களில் கொலு வைத்துச் சுண்டல் கொடுப்பார்கள். இங்கே கும்பம். நகரத்தில் ஆங்காங்கே கும்பத்துமால் என்ற பந்தல் போட்டு, ஒன்பது நாளும் கும்பம் வைத்துப் பூசை செய்வார்கள். கடைசி இரவுகளில் வேப்பிலையும் பூவும் கட்டிய கும்பத்தைத் தலையில் ஏற்றி, உடுக்குச் சத்தத்தோடு ஆடிக்கொண்டு வீதிக்கு இறங்குவார்கள். பகலில் ஆட்டோ ஓட்டுகிற தம்பியும் வங்கியில் இருக்கிற அண்ணாவும் அந்த இரவில் வேறு ஆட்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு விடிய விடிய நிற்கலாம். என் மகள் கொழும்பைக் கேட்டு அழுவதை நிறுத்தியது ஒரு நவராத்திரிக்குப் பிறகுதான்.

கடலில் குளிப்பது பாதுகாப்பா?

கோடையில், சனம் குளிக்கிற இடத்தில், ஆம். வாடைக் காலத்தில் வேண்டாம், முழங்கால் அளவு என்றாலும் வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரும் இறங்காத இடத்தில் நீங்கள் இறங்காதீர்கள்.

மான்கள் வீதியில் திரியும் என்கிறார்களே?

உண்மைதான். கோட்டையிலும் அதைச் சுற்றிய வீதிகளிலும் புள்ளிமான்கள் மாடுகள் மாதிரிப் பழகித் திரிகின்றன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இரவில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மெதுவாகப் போங்கள், லைட்டைக் கண்டால் அவை ஓடாமல் நின்றுவிடும். குப்பையைப் பொலித்தீன் பையில் கட்டி வாசலில் வைக்கவே வேண்டாம். மரக்கறித் தோலின் வாசனைக்குப் பையோடு சேர்த்து விழுங்குகின்றன, அது வயிற்றில் அடைத்துச் சாகின்றன. மூடியுள்ள வாளி ஒன்று வாங்குங்கள். வீட்டு உதவிக்கு வருகிறவருக்கும் சொல்லிவிடுங்கள்.

வந்து மாதக் கணக்காகியும் மனம் ஒட்டவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணவருக்கு அலுவலகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அவர்களுக்கு நாலு சுவர். அதனால் அவர்களுக்கே சொல்கிறேன்.

இந்த ஊர் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. யார், எங்கிருந்து வந்தவர், யாருடைய உறவு என்று கேட்பார்கள். கொழும்பில் இருந்து வந்தவர்களுக்கு இது துளைத்தெடுப்பது மாதிரி இருக்கும். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். ஊர், குடும்பம் தெரிந்தால்தான் அவர்களுக்கு உங்களை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியும். அக்கா என்றோ பிள்ளை என்றோ கூப்பிடத் தொடங்கிவிட்டால் பிறகு உங்கள் வீட்டுக் காய்ச்சலுக்கும் அவர்கள் வந்து நிற்பார்கள்.

கிழமையில் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்குப் போங்கள். கோயில் பஜனை, தேவாலயம், மாதர் சங்கம், நூலகம், தையல் வகுப்பு, எதுவும் சரி. மூன்றாம் கிழமை யாராவது உங்களுக்கு இடம் பிடித்து வைப்பார்கள். வேலை செய்யக் கூடியவர்கள் சும்மா இருக்காதீர்கள். இங்கே ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு.

மாரியில் மனம் இன்னும் சோரும். மழை, மின்சாரம் இல்லை, கடல் சத்தம், கொழும்பிலிருந்து தொலைபேசி. முதல் மாரியில் திரும்பிப் போகிற முடிவை எடுக்காதீர்கள். பெப்ரவரி வரட்டும், வெயில் திரும்பட்டும், கரைவலை தொடங்கட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால் போங்கள், அதில் தப்பில்லை. சிலருக்கு இந்த ஊர் உண்மையிலேயே சரிவராது. ஆனால் ஒரு சுற்று முழுவதும் பாராமல் அதைச் சொல்ல முடியாது.

நித்திரையே வராமல், சாப்பாடு இறங்காமல் கிழமைக் கணக்கில் இருந்தால் அது ஊர் ஒட்டாதது மட்டும் இல்லை. வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

எந்த மாதத்தில் குடிவருவது நல்லது?

என்னைக் கேட்டால் பெப்ரவரி கடைசி அல்லது மார்ச். மழை முடிந்து தரை இன்னும் பச்சையாக இருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது, வீட்டில் எங்கே ஒழுகியது என்ற அடையாளங்களும் அழிந்திருக்காது. பிள்ளைகளின் தவணைக்காக மாரியில்தான் வர வேண்டும் என்றால், மெத்தை, புத்தகம், அரிசி மூன்றையும் லொறியில் அடியில் வைக்காமல் மேலே தறப்பாளுக்குக் கீழே வையுங்கள். சாமான் இறக்க ஆள் வேண்டும் என்று முதல் நாளே மூலைக் கடையில் சொல்லிவிடுங்கள். அந்த வீதிப் பெடியன்களே வந்து இறக்கித் தருவார்கள், பக்கத்து வீடுகளோடு அறிமுகமும் அன்றைக்கே முடிந்துவிடும்.